இருபுறமும் கறுப்புப் பட்டை

திரையின் இரண்டு ஓரங்களிலும் இருந்த கறுப்புப் பட்டைகளைக் காணவில்லை.

அவள் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த பிற்பகல் அது. ஜன்னல் கம்பிகளில் ஈரக் காற்று உரசி முனகியது, எங்கிருந்தோ நனைந்த சிமென்ட் வாசனை வந்தது, எழுந்துபோய் விளக்கைப் போட அவளுக்குச் சோம்பலாக இருந்தது. வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. எதிரே இருந்த பெரிய மானிட்டரில் யாரோ கட்டப்போகும் வீட்டின் சமையலறைச் சுவரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மானிட்டரில், உள்ளறையில் தூங்கும் மகள். ஒரு கோடு இழுத்தால் ஒரு பார்வை அந்தப் பக்கம் போய்வரும். அப்படிப் போன ஏதோ ஒரு பார்வையில்தான் படம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறைந்திருப்பது உறைத்தது. நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோட்டை இழுத்தாள்.

மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் சுண்டு என்றுதான் பெயர். போன வருடம் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. மறுநாளே எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள் என்பது வேறு விஷயம், ஆனால் அன்றைக்குப் போன தாயின் உயிர் இன்னும் முழுசாகத் திரும்பி வந்தபாடில்லை. இனி வராது என்று மருத்துவர் சொன்னார். வந்தால்? கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி சாலையிலேயே கழியும். அவன் எங்கிருந்தோ ஒரு பழைய கேமராவைக் கொண்டுவந்து, மகளின் அறையில் கதவுக்கு மேலே மாட்டி, கூடத்துக் கணினிவரை வயர் இழுத்துவிட்டுப் போனான். அதில் சத்தம் கேட்காது. அலைபேசியில் பார்க்க முடியாது. படம் மட்டும் வரும். மகளின் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தால் போதும் அவளுக்கு.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய சதுர மானிட்டர் போன வாரம் கண்ணை மூடியது. கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கொழுந்தன், யாரோ வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த அகல மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது அண்ணி என்று சிரித்தான்.

மாட்டியவுடன் சுண்டு அதில் பூசணிக்காயாக உருண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் முட்டைபோல் படுத்துக்கிடந்தது. ஒரே நாளில் பிள்ளைக்கு அப்படி என்னதான் ஊட்டினீர்கள் என்று அண்ணியைச் சீண்டிவிட்டு, கொழுந்தன் வாத்தியார் வேலையில் இறங்கினான். அந்தக் கேமரா தருவது நாலுக்கு மூணு என்ற பழைய அளவுப் படம், இந்தத் திரையோ பதினாறுக்கு ஒன்பது என்றான்.

"மூணு வழிதான் அண்ணி. இழுத்து நிரப்பலாம், ஆளு குண்டாயிடும். மேலயும் கீழயும் வெட்டி நிரப்பலாம், ஃபேனும் போயிடும், கட்டில் காலும் போயிடும். இல்லன்னா படத்த இருக்கற மாதிரியே விட்டுட்டு ரெண்டு பக்கமும் கறுப்பு விட்டுரலாம். நாலாவது வழி கெடையாது."

கறுப்பு விடத்தான் வேண்டியிருந்தது. சாவுச் செய்திக்குக் கட்டம் கட்டினது மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு மனசு சுருங்கியது. படம் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிவதையும் கேட்டாள். கேமரா கொடுக்கும் புள்ளிகள் கொஞ்சம், திரையில் இருக்கும் புள்ளிகள் நிறைய, சின்னப் போர்வையைப் பெரிய கட்டிலுக்கு இழுத்து மூடினால் இப்படித்தான் பீறும் என்றான். சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னான். வட்டமாக இருந்தால் படம் சரி. பிறகு கூடத்தில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கிவிட்டுப் போனான். அவன் கை அப்படி. கோணலாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அந்தக் கை சும்மா இருக்காது. கடையில் உட்கார்ந்தபடியே இந்த வீட்டுக் கணினிக்குள் நுழைந்து, சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது திருத்திவிட்டுப் போவதும் உண்டு.

இதுவும் அவன் வேலைதான் என்று நினைத்தாள். பட்டையை எடுத்ததற்கு நன்றி என்று ஒரு செய்தி தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடிகாரம் வட்டமாக இருந்தது.

மேலே மின்விசிறி இருந்தது. கீழே கட்டிலின் கால் இருந்தது. எதுவும் வெட்டுப்படவில்லை. எதுவும் குண்டாகவில்லை. ஆனாலும் படம் திரையை நிறைத்துக்கொண்டிருந்தது.

கேமராவில் இல்லாத படம் எங்கிருந்து வந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது?

இடது பக்கம் பரவாயில்லை. எப்போதும் பாதியாகத் தெரியும் அலமாரி இன்று முழுசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வலது பக்கம் பார்த்தாள். அங்கே கட்டிலைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, படம் முடியும் இடத்தில் அறையின் மூலை இருக்கும். இரண்டு சுவர் கூடும் அந்தக் கோட்டோடு படமும் முடியும். அந்தக் கோட்டைக் காணவில்லை. அதே வெளிர்பச்சைச் சுவர் திரும்பாமல் நேராக நீண்டு போயிற்று. கோட்டிலும் மூலையிலும் பிழைக்கிறவள் அவள். இந்த வீட்டின் வரைபடமும் அவள் கையில் இருக்கிறது. அந்த மூலைக்கு அப்பால் வீடு இல்லை. மூன்று மாடி உயரத்துக்கு வெறும் காற்றுதான் உண்டு.

எழுந்து உள்ளே போனாள். நடை இருட்டாக இருந்தது, அவள் செருப்பின் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. சுண்டு கவிழ்ந்து படுத்து, கன்னம் நசுங்க, வாய் லேசாகத் திறக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய துணி யானை தரையில் கிடந்தது. அதை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். மூலைக்குப் போய்க் கையால் தடவினாள். சுவர் இருந்தது. சில்லென்று, கெட்டியாக இருந்தது. வலிப்பு வந்த நாளிலிருந்து ஒழுங்காகத் தூங்காத கண் இது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எழுப்பினால் மறுபடி தூங்கவைப்பது லேசான காரியம் இல்லை.

மதியம் பட்ட பாடே போதும். சுண்டு தூங்க வேண்டுமென்றால் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டைவிரலில் இப்போது மஞ்சள் பிளாஸ்திரி ஒன்று, வாத்துக்குஞ்சுப் படம் போட்டது. காலையில் கத்தி கீறியதற்குச் சுண்டுவே வைத்தியம் பார்த்துக் கோணலாக ஒட்டியது. இன்னும் கொஞ்சநேரம் இரும்மா என்று அரைத்தூக்கத்தில் கெஞ்சினாள். தோ வந்துடறேன் என்று தினமும் சொல்லும் பொய்யை அவளும் சொன்னாள். பிறகு பிடித்திருந்த விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக, தூக்கம் கலையாமல் பிரித்தெடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். தினமும் அப்படித்தான்.

திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மானிட்டரின் பொத்தானை அழுத்திப் பட்டியலைத் திறந்தாள். படத்தின் அளவு: மாற்றமில்லை. இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. கொழுந்தன் வைத்துவிட்டுப் போனபடியே, படம் நடுவில், இரண்டு பக்கமும் கறுப்பு.

அப்படியென்றால் பட்டைகள் போகவில்லை. அங்கேயேதான் இருக்கின்றன. அதற்குள் எதுவோ தெரிகிறது.

முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். நடுவில் இருந்த அறை எப்போதும்போல மங்கல். மகளின் தலைமுடி ஒரு கறுப்புத் திட்டு, விரல் ஒவ்வொன்றும் நாலைந்து கட்டங்கள். ஆனால் வலது பக்கப் பட்டையில் இருந்த சுவர் மங்கலாக இல்லை. பூச்சில் தூரிகை போன தடம் தெரிந்தது. ஒரு ஆணித்துளை தெரிந்தது. ஆணித்துளைக்குக் கீழே தூசி படிந்த கீற்றுகூடத் தெரிந்தது. கேமராவின் கந்தல் போர்வை அங்கே போர்த்தப்படவில்லை. அங்கே இருந்தது அங்கேயே இருந்தது, புள்ளிக்குப் புள்ளி.

அந்தச் சுவர் முடியும் இடத்தில், மானிட்டரின் சட்டத்தை ஒட்டி, ஒரு வாசல் தொடங்கியது. உள்ளே இருட்டு. வாசலுக்கு முன்னால் தரையில் துணி யானை கிடந்தது.

இப்போதுதான் அதைத் தலையணை ஓரம் வைத்துவிட்டு வந்தாள்.

யானையின் காதில் பிரிந்திருந்த தையலை எண்ணிவிடலாம் போலிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அப்போது திரையில் சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். கதவைப் பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள். யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினாள். சிரித்தாள்.

தாய் உள்ளறைக்கு ஓடினாள்.

கட்டில் காலி.

விரிப்பில் கை வைத்தாள். சூடு இருந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரிக்குள் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. ஜன்னலில் கம்பி போட்டிருந்தது, கொக்கி மாட்டியிருந்தது, வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. நடையில் அவளைத் தாண்டி யாரும் போகவில்லை.

"யானைக்கும் தூக்கம் வருதும்மா."

சுண்டுவின் குரல். மூலைக்கு அப்பாலிருந்து, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. அதில் துளி பயம் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவரில் இரண்டு கையையும் வைத்து அறைந்தாள். "சுண்டு! இங்க வாடா கண்ணு. அம்மா இங்க இருக்கேன்."

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, தப்பாகச் சொன்னவளைத் திருத்தும் குரலில் பதில் வந்தது. "அம்மா இங்கதான் இருக்கா. போகவே இல்ல."

திரைக்கு ஓடி வந்தாள். சுண்டு வலது பக்கப் பட்டைக்குள் நின்றிருந்தாள். பெற்று மூன்றரை வருடம் வளர்த்தவள் பார்த்தாள்: இமை மயிர் ஒவ்வொன்றும், கன்னத்தில் தலையணை பதித்த வரி, மேலுதட்டின் வியர்வை. மகளை இந்தத் திரையில் இவ்வளவு தெளிவாக அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சுண்டுவின் ஒரு கையில் யானை. இன்னொரு கை எதையோ பிடித்திருந்தது. மானிட்டரின் சட்டத்துக்கு அப்பாலிருந்து வாசல் வழியாக நீண்ட ஒரு பெண்ணின் கை. அதன் கட்டைவிரல். அதில் மஞ்சள் பிளாஸ்திரி. வாத்துக்குஞ்சுகள். கோணலாக ஒட்டியது.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிளாஸ்திரி அவள் விரலில்தான் இருந்தது.

ஆனால் சுண்டுவின் தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கால் இந்தப் பக்கம் வைத்திருந்தாள். கூப்பிட்டது கேட்டிருக்கிறது. கூப்பிட்டால் வருவாள். அந்த மூலையைத் தாண்டி நடுப்படத்துக்குள் காலை வைத்துவிட்டால் அவள் அறைக்குள் வந்துவிடுவாள், கட்டிலுக்கு வந்துவிடுவாள், கைக்கு வந்துவிடுவாள். ஆனால் இங்கே நின்று கூப்பிட்டால் அந்தச் சுவரைத் தாண்டிக் கேட்காது. அங்கே நின்றால் பார்க்க முடியாது. ஒரு உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். குரல் அவள் குரலாக இல்லை. எதையும் கேட்காமல் உடனே இந்தக் கணினிக்குள் வரச் சொன்னாள். கேமராப் படத்தைப் பார்த்து, சுண்டு எங்கே நிற்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்றாள். என்ன அண்ணி, பிள்ளைக்கு மறுபடி வலிப்பா என்று பதறினான். பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, போனைக் காதில் அழுத்தியபடி உள்ளே ஓடினாள்.

மூலை. சில்லென்ற சுவர். நெற்றியை அதில் சாய்த்தாள்.

"சுண்டு. அம்மா கூப்பிடறேன். வா."

"ஆங், தெரியுது," என்றான் கொழுந்தன் காதுக்குள். "ஓரமா நிக்கறா. நல்லாத்தான் இருக்கா அண்ணி. பட்டை எங்க போச்சு?"

"அம்மா இனிமே போக மாட்டேன்டா. தூங்கற வரைக்கும் இருக்கேன். எந்திரிக்கற வரைக்கும் இருக்கேன். வேலை வேணாம். ஒண்ணும் வேணாம். வா."

சுவருக்கு அப்பால் சின்னப் பாதங்களின் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

"நெஜமா?"

இவ்வளவு பக்கத்தில். உள்ளங்கைக்கு அடியில்.

"நெஜமா."

"வரா, வரா," என்றான் அவன். "மூலைக்கு வந்துட்டா. கைய நீட்டறா பாருங்க."

சுவர் சில்லென்று இல்லை இப்போது. சூடாக இருந்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் உடம்புச் சூடு. அவள் விரல்களுக்கு நேராக மறுபக்கம் ஏதோ மெத்தென்று அழுந்தியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக அவள் தொண்டைக்கு வந்தன.

"ஆனா அண்ணி, படம் ரெட்டையா விழுது," என்றான் கொழுந்தன். "நீங்க மூலையிலயும் நிக்கறீங்க. சுண்டுக்குப் பின்னாடியும் நிக்கறீங்க. அளவு ஏதோ குளறுபடியாயிருக்கு. இருங்க, சரி பண்ணிடறேன்."

அவன் கை.

அவன் கையை அவள் மறந்துவிட்டாள்.

"தொடா—"

சுவர் சில்லிட்டது.

நடை. இருட்டு. முழங்கால் கதவில் இடித்தது. கூடம். திரை.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நடுவில் மங்கலாக அறை. கட்டில் காலி. கடிகாரம் வட்டமாக இருந்தது.

வலது ஓரத்தில், படம் முடிந்து கறுப்பு தொடங்கும் கோட்டில், நாலு சின்ன விரல்கள். கறுப்பிலிருந்து இந்தப் பக்கம் வந்து, மூலையைப் பற்றிக்கொண்டிருந்தன. ஒரு விரலுக்கு நாலைந்து கட்டங்கள்தான். ஆனாலும் அவளுக்குத் தெரியாதா?

அறைக்கு ஓடினாள். மூலையில் சுவர்தான் இருந்தது. விரல் இல்லை. காதை வைத்தாள். குரலும் இல்லை. திரும்பி ஓடி வந்தாள். திரையில் விரல்கள் அப்படியே இருந்தன.

பொத்தானை அழுத்தினாள். இழுத்து நிரப்பியது. கடிகாரம் முட்டையானது, விரல்கள் தடித்தன. அழுத்தினாள். மின்விசிறி போனது, கட்டில் கால் போனது. விரல்கள் பெரிதாக, இன்னும் மங்கலாக. அழுத்தினாள். கறுப்பு. மறுபடி முதலிலிருந்து. மறுபடி. மூன்று வழிதான் இருந்தது.

"இப்ப சரியாயிடுச்சா அண்ணி?" என்று போன் கேட்டது.

கறுப்பிலிருந்து இன்னொரு கை வந்தது. பெரிய கை. அவசரமில்லாமல் வந்து சின்னக் கையின்மேல் படிந்தது. மங்கலில் ஒன்றும் தெரியவில்லை, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரே ஒரு கட்டம் மட்டும் தெரிந்தது. முரட்டுத்தனம் கொஞ்சமும் இல்லை. சுண்டுவிரலில் தொடங்கியது. பிரித்து எடுத்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. தூக்கம் கலைந்துவிடாமல், ஒவ்வொன்றாக, அவள் தினமும் செய்வதுபோல.